திக்கனர் ஒன்றரை மடங்கு, கெட்டி நான்கு மடங்கு: கணக்கு எங்கே மாறுகிறது?

புதுச்சேரி சேதராப்பட்டில் சிறிய எமல்ஷன் பெயிண்ட் யூனிட் நடத்தும் நண்பர் கேட்டிருப்பது இது: ஹியூர் வகைத் திக்கனரை (பெயிண்டைக் கெட்டியாக்கும் பொருள்) தண்ணீரில் 1 சதவீதம் கரைத்தால் கெட்டித்தன்மையை அளக்கும் புரூக்ஃபீல்டு கருவியில் 300 சென்டிபாய்ஸ் (தண்ணீர் ஏறக்குறைய 1) காட்டுகிறது, 1.5 சதவீதத்தில் 1200 காட்டுகிறது. அதே திக்கனர் போட்ட பெயிண்டில் கடைக்காரர் ஸ்டெயினர் (நிறக் குழம்பு) ஊற்றிக் கலக்கினால் தண்ணியாகிவிடுகிறது. எவ்வளவு போட்டால் எவ்வளவு கெட்டியாகும் என்று ஒரு சூத்திரம் உண்டா? மேலோட்டமாகப் பார்த்தால் சூத்திரம் கேட்கும் கேள்விதான். உள்ளே இருப்பது வேறு. கையில் உள்ள இரண்டு அளவீட்டை வைத்து மூன்றாவதைச் சொல்லலாமா, சொல்ல முடியாதென்றால் பேட்சுக்குப் பேட்ச் எதை நம்பி எடை போடுவது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. ஹியூர் என்பது நீரில் நன்றாகக் கரையும் பாலிஎத்திலீன் கிளைக்கால் (glycol) சங்கிலி. அதன் இரு முனையிலும், சில தயாரிப்புகளில் நடுவிலும், 12 முதல் 18 கார்பன் நீளமுள்ள எண்ணெய்த் தன்மையான வால்கள் யூரித்தேன் பிணைப்பால் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். சங்கிலிக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. அதனால் வால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சிறு முடிச்சுகளாகின்றன. சோப்பு மூலக்கூறுகள் கூடும் மைசெல் போன்றதுதான் இந்த முடிச்சு. செறிவு மிகக் குறைவாக இருக்கும்போது ஒரு சங்கிலியின் இரு வாலும் ஒரே முடிச்சுக்குள் திரும்பி வந்து நுழைகின்றன. சங்கிலி வளைந்து பூவிதழ் போல நிற்கும். பல சங்கிலிகள் சேர்ந்தால் ஒரு பூ. பூக்கள் தனித்தனியாக மிதக்கும் வரை திரவம் ஏறக்குறைய தண்ணீர்தான். செறிவு கூடிப் பூக்கள் ஒன்றை ஒன்று நெருங்கும்போது ஒரு வால் இந்த முடிச்சிலும் மறு வால் பக்கத்து முடிச்சிலுமாக அமர்கிறது. அங்கே ஒரு பாலம் உண்டாகிறது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் விடியற்காலை நாலு பேர் இருக்கும்போது அவரவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பத்து மணிக்குக் கையை நீட்டினால் பக்கத்து ஆள்மேல்தான் படும். ஆள் எண்ணிக்கை இரட்டித்தால் கைகோர்ப்பு இரட்டிப்பதோடு நிற்காது. நீங்கள் 1 சதவீதத்திலிருந்து 1.5-க்குப் போனபோது நடந்தது அதுதான்: சங்கிலி ஒன்றரை மடங்கு ஆனது, அத்தோடு வளையமாகச் சும்மா கிடந்த சங்கிலிகளும் பாலமாக மாறின.

இது வெறும் பாலிமர் கெட்டித்தன்மை இல்லையென்று எப்படிச் சொல்கிறேன்? 35,000 மூலக்கூறு எடையுள்ள சாதாரண பாலிஎத்திலீன் கிளைக்காலை 1 சதவீதம் கரைத்தால் திரவம் தண்ணீரைப்போல இரண்டு மடங்குகூடக் கெட்டியாகாது. உங்கள் 300 சென்டிபாய்ஸ் தண்ணீரைவிட முந்நூறு மடங்குக்கும் மேல். இந்த வித்தியாசம் முழுவதும் வால்களின் வேலை. சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை உண்டு. 1 சதவீதக் கரைசல் 100 கிராம் எடுத்து அரை கிராம் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் பொடியைப் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். சைக்ளோடெக்ஸ்ட்ரின் நடுவில் குழியுள்ள சர்க்கரை வளையம். எண்ணெய் வால் அந்தக் குழிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். 30,000 எடையுள்ள, இரு முனையில் மட்டும் வால் உள்ள சங்கிலி என்று வைத்துக்கொண்டால் 100 கிராம் கரைசலில் உள்ள வால்களை ஒன்றுக்கு ஒன்றாக மூட 0.08 கிராம் போதும். அரை கிராம் என்பது ஆறு மடங்கு. பொடி கரைந்ததும் கரைசல் தண்ணீராக ஓடினால் கெட்டித்தன்மை பிணைப்பால் வந்தது. கெட்டி அப்படியே நின்றால் உங்கள் டிரம்மில் இருப்பது வேறு பொருள், அல்லது செல்லுலோஸ் கலந்த பொருள்.

இப்போது எண்கள். இந்த வகைக் கரைசலில் கெட்டித்தன்மையையும் செறிவையும் சாதாரண கிராஃப் தாளில் போடாமல் லாக்-லாக் தாளில் (இரண்டு அச்சிலும் மடக்கை அளவு) போட வேண்டும். கோட்டின் சரிவுதான் பேசும். உங்கள் கணக்கில் செறிவு 1.5 மடங்கு, கெட்டித்தன்மை 4 மடங்கு. 4-இன் லாகை 1.5-இன் லாகால் வகுத்தால் 3.4. அதாவது நீங்கள் நிற்கும் இடத்தில் கெட்டித்தன்மை செறிவின் 3.4-ஆம் படியாக ஏறுகிறது. இந்த ஒரு எண்ணிலிருந்தே தொழிற்சாலைக்குத் தேவையான பல விஷயங்கள் கிடைக்கின்றன. திக்கனர் எடையில் 5 சதவீதம் கூடினால் கெட்டி 18 சதவீதம் கூடும். 5 சதவீதம் குறைந்தால் 16 சதவீதம் குறையும். 20 சதவீதத் திடப்பொருள் என்று சொல்லி வரும் திக்கனர் டிரம் ஒன்று 19 ஆகவும் இன்னொன்று 21 ஆகவும் இருந்தாலே இந்த ஊசலாட்டம் வந்துவிடும். ஆபரேட்டர்மேல் பழி போடுவதற்கு முன் டிரம்மின் திடப்பொருளை ஓவனில் உலர்த்திப் பாருங்கள். பெயிண்டர் தளத்தில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினால் திக்கனரின் பங்களிப்பு மட்டுமே 28 சதவீதம் சரியும். பைண்டரும் (படலமாகும் பிசின்) பிக்மென்ட்டும் (நிறமிப் பொடி) நீர்த்துப்போவது அதற்குமேல் தனி.

ஆனால் அந்த 3.4-ஐ அப்படியே நம்பிவிடாதீர்கள். புரூக்ஃபீல்டு எல்.வி. மாடலில் 2-ஆம் ஸ்பிண்டில் (சுழலும் தண்டு), 12 ஆர்.பி.எம். என்றால் முழு அளவு 2500 சென்டிபாய்ஸ். கருவியின் துல்லியம் முழு அளவில் 1 சதவீதம், அதாவது கூடவோ குறையவோ 25. உங்கள் 300 என்பது 275-ஆகவும் இருக்கலாம், 325-ஆகவும் இருக்கலாம். இரண்டு புள்ளியிலும் இந்தப் பிழையை ஏற்றினால் சரிவு 3.2-இலிருந்து 3.7 வரை எங்கும் விழும். இன்னொன்று, சரிவு 3-ஐத் தாண்டியதாலேயே பிணைப்பு நிரூபணமாகாது. வால் இல்லாத நீண்ட சங்கிலிப் பாலிமர்களும் நல்ல கரைப்பானில் சிக்கிக்கொள்ளும் செறிவுக்கு மேல் ஏறக்குறைய 3.9 சரிவு காட்டும். அதற்குக் கீழே 1.3, மிக நீர்த்த நிலையில் 1. பிணையும் பாலிமரின் அடையாளம் வேறு: குறைந்த செறிவில் எதிர்பார்ப்பதைவிடத் தண்ணியாக இருந்து, ஒரு குறுகிய இடைவெளியில் செங்குத்தாக ஏறி, பிறகு சரிவு மெல்லத் தணியும். செறிவு கூடக் கூட வளையமெல்லாம் பாலமாகித் தீர்ந்துவிடுவதால் மேல்பகுதியில் ஏறுவதற்கு மிச்சம் குறைவு. ஆகவே 1-க்கும் 1.5-க்கும் நடுவில் கிடைத்த சரிவை நீட்டி 3 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். இரண்டு புள்ளி ஒரு கோட்டைத் தரும், இங்கே இருப்பதோ வளைவு.

கெட்டித்தன்மை என்ற ஒற்றை எண்ணுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது என்பதுதான் இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஒன்று, ஒரு கணத்தில் எத்தனை பாலங்கள் இருக்கின்றன. இதை வலையின் விறைப்பு எனலாம், அலகு பாஸ்கல். மற்றது, ஒரு வால் முடிச்சிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியேறச் சராசரியாக எத்தனை வினாடி ஆகிறது. கெட்டித்தன்மை இந்த இரண்டின் பெருக்கல். அறுந்து அறுந்து மறுபடி சேரும் வலை என்ற எண்ணத்தை 1946-இல் கிரீனும் டோபோல்ஸ்கியும் முன்வைத்தார்கள். 1993-இல் அனபிளும் உடன் ஆய்வாளர்களும் ஹியூர் கரைசல்களை அளந்து, அவை ஏறக்குறைய ஒரே ஒரு தளர்வு நேரம் கொண்ட எளிய வலையாக நடக்கின்றன என்று காட்டினார்கள். பாலிமர் உலகில் இவ்வளவு எளிமை அபூர்வம். விறைப்பு 100 பாஸ்கல், நேரம் 0.05 வினாடி என்றால் பெருக்கல் 5 பாஸ்கல் வினாடி, அதாவது 5000 சென்டிபாய்ஸ். விறைப்பு 10, நேரம் 0.5 என்றாலும் அதே 5000. குறைந்த வேகத்தில் புரூக்ஃபீல்டுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரஷ்ஷுக்கு ஒன்றல்ல. முதலாவது வினாடிக்கு 20 என்ற ஷியர் வீதம் (திரவ அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும் வேகம்) வரை கெட்டி குறையாமல் நிற்கும். இரண்டாவது வினாடிக்கு 2-லேயே தளர ஆரம்பிக்கும். முதலாவது பிரஷ்ஷில் கனமாக இழுக்கும், படலம் தடிமனாக விழும், கோடுகள் சமனாகும். இரண்டாவது டப்பாவில் கெட்டியாகத் தெரியும், சுவரில் மெலிதாக இழுபடும். அதிகச் செறிவில் குட்டை வால் திக்கனர் முதல் வகைக்குப் போகும், குறைந்த செறிவில் நீள வால் திக்கனர் இரண்டாம் வகைக்குப் போகும். வாலில் இரண்டே கார்பன் கூடினால் வெளியேறும் நேரம் பல மடங்கு நீளும். கம்பெனிகள் ஒரே ஹியூரில் 'ஹை ஷியர்', 'லோ ஷியர்' என்று இரண்டு தரம் விற்பதற்கும், இரண்டையும் கலந்து போடச் சொல்வதற்கும் அடிப்படை இதுதான்.

விறைப்புக்கு ஒரு மேல்வரம்பைக் காகிதத்திலேயே போடலாம். 2 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டரில் 20 கிலோ. சங்கிலி எடை 30,000 என்றால் அது 0.67 மோல். அதை 25 டிகிரியில் வாயு மாறிலியும் வெப்பநிலையும் பெருக்கி வரும் 2480-ஆல் பெருக்கினால் சுமார் 1650 பாஸ்கல். எல்லாச் சங்கிலியும் பாலமாக நின்றால் வரும் விறைப்பு அது. ரியோமீட்டரில் (ஓட்டத்தையும் விறைப்பையும் அளக்கும் கருவி) அளந்தால் இதைவிடக் குறைவாகவே வரும், செறிவு குறையக் குறைய இடைவெளி அகலும். அந்த இடைவெளிதான் வளையமாக வீணாகக் கிடக்கும் சங்கிலிகளின் பங்கு.

நிச்சயமில்லாத பகுதி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹியூர் கரைசலை ரியோமீட்டரில் மெல்ல வேகம் கூட்டிக்கொண்டே போனால், பல தயாரிப்புகளில் தளர்வதற்கு முன் ஒரு சிறிய மேடு வரும்: கலக்கக் கலக்கக் கெட்டியாகும், பிறகுதான் தளரும். மேடு வருவது உறுதி. ஏன் வருகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இழுபட்ட சங்கிலிகள் தம் நீளத்தின் எல்லையை நெருங்கி விறைக்கின்றன என்பது ஒரு தரப்பு. ஓட்டமே வளையங்களைப் பிரித்துப் பாலமாக்குகிறது என்பது இன்னொரு தரப்பு. செறிவைப் பொறுத்து இரண்டும் பங்கு வகிக்கலாம். இதே காரணத்தால், அலைவு முறையில் (முன்னும் பின்னும் அசைத்து) அளந்த எண்ணும் நிலையான ஓட்டத்தில் அளந்த எண்ணும் ஒன்றாக வரும் என்ற வழக்கமான விதி இங்கே பிசகும். ஒன்றை அளந்து மற்றதாக எழுதாதீர்கள். பிக்மென்ட் நிறைந்த பெயிண்டில் இந்த மேடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே உங்கள் அன்றாட வேலைக்கு இது தடையில்லை.

வெப்பம் அன்றாடத் தடைதான். வால் வெளியேறுவது ஒரு ஆற்றல் மேட்டைத் தாண்டும் செயல். அந்த மேடு மோலுக்கு 60 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரியில் உள்ள கெட்டித்தன்மை கத்திரி வெயிலில் 38 டிகிரியான கொட்டகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். அதே ஏற்றத்தில் வெறும் தண்ணீர் நான்கில் ஒரு பங்குதான் தளரும். மே மாத மதியத்தில் மாதிரி எடுத்து, கெட்டி போதவில்லை என்று திக்கனர் கூட்டிப் போட்டு அனுப்பிய பெயிண்ட், மார்கழியில் கடை அலமாரியில் கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகும். மாதிரியை மூடிய பாட்டிலில் 25 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு மணி நேரம் வைத்த பிறகு அளக்காத எந்த எண்ணையும் ரெஜிஸ்டரில் ஏற்றக் கூடாது.

ஸ்டெயினர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெயினர் பாட்டிலில் நிறமி மட்டும் இல்லை. நிறமியைத் தாங்கிப் பிடிக்கச் சர்ஃபாக்டன்ட்டும் (சோப்பு வகைப் பொருள்), காயாமல் இருக்கக் கிளைக்காலும் தாராளமாக இருக்கும். சர்ஃபாக்டன்ட் கொஞ்சமாக வந்தால் முடிச்சுகளில் கலந்து அவற்றைப் பலப்படுத்தலாம், கெட்டி கூடலாம். அதிகமாக வந்தால் மைசெல்கள் எக்கச்சக்கமாகி ஒவ்வொரு வாலுக்கும் தனித்தனி முடிச்சு கிடைத்துவிடும், பாலம் அறுந்துவிடும். ஆகவே சர்ஃபாக்டன்ட் அளவுக்கு எதிராகக் கெட்டித்தன்மை ஒரு சிகரம் ஏறி இறங்கும். இதைக் கண்ணால் பார்க்க: 1.5 சதவீதக் கரைசலை ஏழெட்டுப் பாட்டிலில் ஊற்றி, சோடியம் லாரில் சல்ஃபேட்டை 0, 0.05, 0.1, 0.2, 0.3, 0.5, 1 சதவீதம் என்று போட்டு மறுநாள் அளங்கள். இந்தச் சோப்பு தனியாக மைசெல் ஆகும் செறிவு 0.23 சதவீதம், அதன் அக்கம்பக்கத்திலிருந்து மேலே போகப் போகக் கெட்டி இறங்குவதைப் பார்ப்பீர்கள். கிளைக்கால் ஈதர் வகைக் கரைப்பான்களும் வால்களின் சேர்க்கையைத் தளர்த்தும். திக்கனர் டிரம்மிலேயே பியூட்டைல் கார்பிட்டால் சேர்த்து விற்பது, அப்போதுதான் அதை ஊற்ற முடியும் என்பதற்காக. உங்களுக்கு இதில் தீர்வு: ஆழ்நிறத்துக்கான பேஸை (ஸ்டெயினர் கலப்பதற்கான அடிப்படைப் பெயிண்ட்) வெள்ளை பேஸின் திக்கனர் அளவோடு தயாரிக்காதீர்கள். அதிகபட்ச ஸ்டெயினர் போட்ட பிறகு மறுநாள் வரும் கே.யூ. எண்ணை (கலக்கும்போது தெரியும் கெட்டியின் அளவு) பார்த்து அளவை நிர்ணயியுங்கள். ஹியூரில் ஒரு பங்கைக் குறைத்து ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் கொஞ்சம் சேர்த்தால் ஸ்டெயினர் அடியைத் தாங்கும், ஏனென்றால் அதன் கெட்டித்தன்மை வால்களை நம்பி இல்லை. விலையாகச் சமனாகும் தன்மை கொஞ்சம் போகும்.

தண்ணீரில் வரைந்த வளைவு பெயிண்டுக்கு அப்படியே பொருந்தாததற்கும் இதுதான் வேர். பெயிண்டில் வால்களுக்கு எமல்ஷன் (பைண்டர்) துகள்களின் மேற்பரப்பும் ஓர் இருக்கை. துகள் சிறிதானால் மேற்பரப்பு அதிகம், பாலங்கள் அதிகம். அதே திக்கனர் ஒரு பைண்டரில் பிரமாதமாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் வேலை செய்யும். அளவு மிகக் குறைந்தாலும் ஆபத்து உண்டு: பாலங்கள் கொஞ்சமாக இருக்கும்போது அவை துகள்களையும் முடிச்சுகளையும் இழுத்து ஒரு பக்கம் குவித்துவிடும், மேலே ஒரு விரல் உயரத்துக்குத் தெளிந்த நீர் நிற்கும். இதைப் பார்த்து 'திக்கனர் கெட்டுப்போச்சு' என்று திருப்பி அனுப்புவார்கள். உண்மையில் நீள வால் திக்கனரைச் சிக்கனமாகப் போட்டதன் விளைவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். குட்டை வால் தரத்தைக் கூடுதல் அளவில் போட்டால் சரியாகும்.

நீங்கள் ஹியூரை விட்டு ஹேஸ் என்ற வேறு வகைத் திக்கனருக்கு மாற நினைத்தால் இன்னும் இரண்டு விஷயம். அது அமிலத் தொகுதிகள் கொண்ட பால் போன்ற திரவம், பி.எச். 7-க்குக் கீழே தண்ணியாக இருந்து, 8-லிருந்து 9.5 வரை கொண்டுபோனால்தான் சங்கிலி விரிந்து வால்கள் கைகோர்க்கும். அம்மோனியா போட்டு ஏற்றினால் டப்பா திறந்து மூடும்தோறும் ஆவியாகிப் பி.எச். இறங்கும், கெட்டியும் இறங்கும். நம் கரையோரத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு ஏறியிருப்பது ஊரறிந்தது. கால்சியமும் சோடியமும் இந்த விரிந்த சங்கிலியைச் சுருக்கிவிடும். கடலூர் சிப்காட் பக்கமானாலும் வில்லியனூர் பக்கமானாலும், ஆர்.ஓ. நீர் இல்லாமல் ஹேஸ் வளைவு வரைவது வீண் வேலை. ஹியூர் இந்த உப்பைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது.

இனி வளைவு வரையும் முறை. செறிவு என்று எழுதுவது எப்போதும் திடப்பொருள் செறிவாக இருக்கட்டும். 20 சதவீதத் திக்கனரை 1 சதவீதம் ஊற்றினால் உண்மையில் உள்ளே போவது 0.2 சதவீதம்தான், பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. 0.5 சதவீதக் கரைசல் 200 கிராம் வேண்டுமென்றால் திக்கனர் 5 கிராம், நீர் 195 கிராம். 0.2, 0.3, 0.5, 0.7, 1, 1.3, 1.6, 2, 3 என்று ஒன்பது பாட்டில் போதும். செங்குத்தாக ஏறும் இடத்தில் இடைவெளியைக் குறுக்குங்கள். ஒரே கெட்டிக் கரைசலை நீர்த்து எல்லாவற்றையும் தயாரிக்காமல் ஒவ்வொன்றையும் தனியாக எடை போடுங்கள். முதல் எடைப் பிழை எல்லாப் பாட்டிலுக்கும் பரவாது. தசம மூன்றாம் இலக்கம் காட்டும் தராசு வேண்டும். திக்கனரைச் சம அளவு நீரில் முன்கூட்டியே கலக்கி, நூல்போல, சுழலின் ஓரத்தில் பத்து நிமிடம் எடுத்து ஊற்றுங்கள். அவசரமாகக் கொட்டினால் ஜெல்லித் துண்டுகள் உருவாகி அடியில் தங்கும், மேலே எடுத்த மாதிரி பொய் சொல்லும். வேகமாகக் கலக்கினால் காற்றுக்குமிழ் சிக்கும், கெட்டிக் கரைசலில் அது ஒரு நாள் ஆனாலும் ஏறாது. மூடி வைத்து 24 மணி நேரம் விடுங்கள். பிறகு 25 டிகிரியில், புரூக்ஃபீல்டில் 6, 12, 30, 60 ஆர்.பி.எம். என்று கீழிருந்து மேலே போய், மறுபடி 6-க்குத் திரும்பி அளங்கள். முள் முழு அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே நின்றால் ஸ்பிண்டிலை மாற்றுங்கள். போகும்போது வந்த எண்ணும் திரும்பும்போது வந்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் மாதிரி இன்னும் நிலைபெறவில்லை.

பெயிண்டுக்கு இதே வேலையை மூன்று கருவியில் செய்யுங்கள்: டப்பாவில் நிற்பதற்குப் புரூக்ஃபீல்டு, கலக்கும்போது தெரியும் கெட்டிக்கு ஸ்டார்மரின் கே.யூ., பிரஷ் இழுவைக்கு வினாடிக்கு 10,000 ஷியர் வீதத்தில் ஓடும் கோன்-பிளேட் (கூம்புக்கும் தட்டுக்கும் நடுவில் பெயிண்டை வைத்துச் சுழற்றும் கருவி). கோன்-பிளேட் உங்களிடம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று மாதிரியை வெளியே கொடுத்து அளந்தாலே திசை தெரிந்துவிடும். வளைவு கைக்கு வந்ததும், சரிவு மிகச் செங்குத்தாக உள்ள இடத்தில் உங்கள் அளவு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அதே கே.யூ.வைக் குட்டை வால் தரத்தின் கூடுதல் அளவாலோ, இரண்டு தரத்தின் கலவையாலோ எட்டிப் பிடித்து, சரிவு தணிந்த பகுதிக்கு நகருங்கள். கிலோவுக்குச் சில பைசா கூடும், ஆனால் 5 சதவீத எடைப் பிழைக்கு 18 சதவீதம் ஆடிய பேட்ச் 10 சதவீதத்துக்குள் ஆடும். புதிய டிரம் வந்தால் முழு வளைவு வேண்டாம். திடப்பொருளும், 1 சதவீதத்தில் ஒன்றும் 1.5 சதவீதத்தில் ஒன்றுமாக இரண்டு பாட்டிலும் போதும். பழைய வளைவின்மேல் அந்த இரண்டு புள்ளியும் உட்கார்ந்தால் டிரம்மைத் திறந்து பயன்படுத்துங்கள்.